பிளாஷை அணைத்துவிட்டு வாங்க: ஆலய மண்டபத்தில் ஆடுபவர்களைப் படம் பிடிக்க ஒரு பாடம்

இந்த முறை பாடம் படம் பிடிப்பதைப் பற்றி. ஒவ்வொரு ஆலயத்திலும் இளைஞர் பிரிவில் ஒருத்தர் இருப்பார். நிகழ்ச்சிக் கூட்டத்தில் "படம் யாரு எடுக்கிறது?" என்று கேட்டவுடன் எல்லாரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் அந்த ஆள் நான். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்குறேன்.

நவராத்திரி ஐந்தாம் நாள். சமய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் ஆடினார்கள். மண்டபத்தில் நாலு டியூப் லைட், கொலுவுக்கு முன்னால் இரண்டு குத்துவிளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். நான் கேமராவை ஆட்டோவில் வைத்து, முன்னால் ஆறடி தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டு என்று கேமராவே முடிவு செய்து பிளாஷைத் தூக்கிவிட்டது. முதல் வெட்டில் ஓரத்தில் ஆடிய எட்டு வயதுப் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. இரண்டாவதில் அடவு தவறியது. மூன்றாவது வெட்டுக்குக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு, அழுதுகொண்டே அம்மாவிடம் போய்விட்டது. மற்ற ஐந்து பேரும் ஆடினார்கள். நானும் எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா முகமும் மாவு பூசினது போல வெள்ளை. பின்னால் ஒரே கறுப்பு. விளக்கு எரிந்த அடையாளமே இல்லை. என் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எல்லாம் ஐசி படம் மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த வாரம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அவ அடுத்த வருஷம் ஆட மாட்டாளாம். 'கேமரா அண்ணன் வருவாரா'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

"பிளாஷ் போட மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர்."

சொல்லிவிட்டேன். ஆனால் பிளாஷ் இல்லாமல் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று. எல்லாப் படமும் கலங்கல். ஆடுகிற பிள்ளை ஆவி மாதிரி தெரிந்தது. அந்த ஒரு வருடத்தில் நான் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

படம் ஏன் கலங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்க. வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமரா தன் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்துக்குள் பிள்ளையின் கை நகர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஒரு கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கதவு 1/30 விநாடி திறந்திருந்தால் அதற்குள் கை ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அந்த 7 சென்டிமீட்டரும் படத்தில் புகையாக விழும். 1/320 விநாடி என்றால் 6 மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு அது நின்ற கை.

இந்த இடத்தில் பலபேர் ஏமாறுவது லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பை நம்பித்தான். அது உங்கள் கை நடுங்குவதைச் சரிசெய்யும். ஆடுகிறவர் கையை அது என்ன செய்ய முடியும்? முக்காலியும் அப்படித்தான். தூண் அசையாமல் விழும், பிள்ளை மட்டும் கலங்கும்.

ஆக, கதவு சீக்கிரம் மூட வேண்டும். அதற்குள் போதுமான வெளிச்சம் உள்ளே வர வேண்டும். அதற்கு லென்ஸின் துவாரம் பெரிதாக இருக்க வேண்டும். கேமராவோடு சேர்த்துத் தரும் ஜூம் லென்ஸை நீட்டினால் எஃப் 5.6 வரைக்கும்தான் திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். (எண் சின்னதானால் துவாரம் பெரிது. எனக்கும் இது தலைகீழாகத்தான் பட்டது.) எங்கள் மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200 வைத்துப் பார்த்தேன். எஃப் 5.6இல் 1/30 விநாடி கேட்டது. எஃப் 1.8இல் 1/320 போதும் என்றது. அதே மண்டபம், அதே டியூப் லைட். பெரும்பாலான கேமரா நிறுவனங்கள் விற்பதில் மலிவான லென்ஸ்களில் ஒன்று இந்த 50 மில்லிமீட்டர்தான். பழையது கிடைத்தால் இன்னும் குறைவு. புதுக் கேமராவுக்குக் காசு சேர்க்கிற தம்பிகளுக்குச் சொல்றேன், முதலில் இதை வாங்குங்க.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் பொரிப் பொரியாக வருமே என்று பயப்படுவார்கள். வரும். வரட்டும். 4ஆர் அளவில் கழுவிப் பாட்டி கையில் கொடுத்தால் பாட்டி பொரியையா பார்க்கப் போகிறார்? பேத்தி முகத்தைத்தான் பார்ப்பார். பொரி விழுந்த படத்தை மாட்டி வைக்கலாம், கலங்கின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினால் பொரி இன்னும் மோசமாகத் தெரியும். எடுக்கும்போதே சரியாக எடுங்க.

கேமராவை 'எம்' முறையில் வையுங்க. பயப்பட ஒன்றுமில்லை. வெளியே மேகம் வரும், போகும். மண்டபத்து லைட் இரவு முழுக்க ஒரே மாதிரிதான் எரியும். ஒரு தடவை சரிபார்த்து வைத்தால் மறுபடி தொட வேண்டாம். ஆட்டோவில் வைத்தால், பிள்ளை குத்துவிளக்குக்கு முன்னால் வந்தவுடன் கேமரா விளக்கைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். கறுப்புத் திரைக்கு முன்னால் போனால் முகத்தை வெளுக்க வைக்கும். நிறத்தையும் ஒரே அமைப்பில் நிறுத்துங்க. ஆனால் குத்துவிளக்கின் மஞ்சளை முழுக்கத் துடைத்துவிடாதீங்க. அந்த மஞ்சளுக்காகத்தானே பிளாஷை அணைத்தோம்.

டியூப் லைட், மலிவான எல்இடி பற்றி ஒரு விஷயம். எனக்கு இது புரிய இரண்டு மாதம் ஆனது. படங்களில் குறுக்கே கோடு கோடாக இருட்டுப் பட்டை விழுந்தது. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தக் கோடு அதிகம். சாதாரண ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் குறையும். அப்படியும் விழுந்தால் 1/100 விநாடிக்கு இறங்குங்க. விளக்கு ஒரு முறை மங்கி எரிவது முழுதாக அதற்குள் அடங்கிவிடும், கோடு போய்விடும். ஆனால் 1/100இல் கை கலங்குமே? கலங்கும். அதற்கு வழி கேமராவில் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது. கீழே சொல்றேன்.

ஷட்டர் சத்தம் இடைஞ்சலாக இருக்காதா என்றால், மிருதங்கமும் தாளமும் ஒலிக்கும்போது யார் காதிலும் அது விழாது. தேவாரம் பாடி எல்லாரும் கண்மூடி இருக்கும்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் கண்ணை மூடுங்க. எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இருட்டில் போகஸ் தடுமாறும். அதற்கு உதவி செய்கிறேன் என்று கேமராவின் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். பிளாஷை அணைத்தாலும் இது தனியாக எரியும்! அதையும் மெனுவில் தேடி அணைத்துவிடுங்க. எனக்கு இது தெரியாமல், 'பிளாஷ் இல்லை' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒத்திகையில் ஒரு பிள்ளையின் மூஞ்சியில் ஆரஞ்சு வெளிச்சம் அடித்தேன். போகஸ் புள்ளியை நெற்றிச்சுட்டி மீது வையுங்க. பளபளப்பும் கறுப்பு முடியும் சேரும் இடம் அது, கேமரா சட்டென்று பிடித்துக்கொள்ளும். எஃப் 1.8இல் 3 மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல்தான். பிள்ளை ஓர் அடி முன்னால் வைத்தால் போச்சு. அதனால் தொடர்ந்து போகஸ் பிடிக்கும் முறையில் வைத்திருங்க. இரண்டு வரிசையாக ஆடினால் முன் வரிசையைப் பிடியுங்க, பின்வரிசைக்கு அடுத்த பாட்டில் இடம் மாறிக்கொள்ளலாம்.

இனி ஆட்டம். என் ஒரு வருடத்தில் பாதி இங்கேதான் போனது.

ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நின்று நின்றுதான் போகிறது. டீச்சரிடம் அனுமதி கேட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் போய் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு கேமராவே கொண்டுபோகவில்லை. அந்தப் பிள்ளை தூணுக்குப் பின்னாலிருந்து என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் டீச்சரின் தட்டுக்கழியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜதி முடியும் இடத்தில் 'ததிங்கிணதொம்' என்று மூன்று தடவை வரும். மூன்றாவது 'தொம்'மில் ஆறு பேரும் அப்படியே நிற்கிறார்கள். கை நீட்டியபடி, அரைமண்டியில், கண் நேராக. பெரியவர்கள் அரை விநாடி நிற்பார்கள். சின்னப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் அதிகமாக நிற்பார்கள், டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த நேரத்துக்கு 1/100 விநாடி தாராளம். முதல் ததிங்கிணதொம் கேட்டவுடன் கேமராவைக் கண்ணுக்கு வைங்க, இரண்டாவதில் போகஸ், மூன்றாவது 'தொம்' வாயை விட்டு வருவதற்குச் சற்று முன்பே விரலை அழுத்துங்க. கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் தாமதம். காதுதான் விரலை நடத்த வேண்டும்.

குதித்துமெட்டு அடவில், எழும்பி உச்சிக்குப் போய் இறங்கத் திரும்பும் அந்தக் கணத்தில் உடம்பு நிற்கிறது. மேலே போட்ட பந்தும் அப்படித்தானே. கோலாட்டத்தில் கோலும் கோலும் மோதும்போது இரண்டும் நிற்கின்றன, சத்தமே உங்களுக்குக் கணக்கு. காலைத் தட்டும் வேகத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால் 1/500 வேண்டும். டியூப் லைட்டில் அது எட்டாது. அதை விட்டுவிடுங்க.

பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே பிரெசோன் பிளாஷை விரும்பாதவர். பாலி நடனங்களைப் பற்றி அவருடைய படப் புத்தகம் ஒன்று 1954இல் வந்தது. அவர் மனைவி ஜாவாவில் பிறந்த நடனக்காரர். ஆடுபவரோடு வாழ்ந்த மனிதருக்கு ஆட்டம் எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்காதா என்ன? இது என் சொந்த எண்ணம்தான்.

இரண்டாவது ஞாயிறு கேமராவைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். அது என் காலை ஒரு படம் எடுத்தது, பிறகு மின்விசிறியை. "இதுல பளிச்சுன்னு வராதா?" என்று கேட்டது. "வராதும்மா, அணைச்சுட்டேன்" என்றேன். எந்தப் பொத்தான் என்று காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டது.

கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: 'நைட் மோட்' போடாதீங்க. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கும். கோபுரத்துக்கு நல்லது, ஆடும் பிள்ளைக்கு ஆகாது. 'புரோ' முறை இருந்தால் 1/125, ஐஎஸ்ஓ 1600 வைத்துத் தொடங்கிப் பாருங்க. விரலால் ஜூம் செய்யாமல் நடந்து கிட்டே போங்க. இல்லையென்றால் 4கே வீடியோவை 60 பிரேமில் எடுத்து, மூன்றாவது 'தொம்'மில் நிறுத்தி அந்தப் பிரேமைச் சேமியுங்க. 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றும் 1/60 விநாடிக்கு மேல் திறந்திருக்க முடியாது. கிடைப்பது சுமார் 80 லட்சம் புள்ளியுள்ள படம், 4ஆருக்குத் தாராளம்.

தீபாராதனை நேரத்தில் என் பழக்கம் இது. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. பல ஆலயங்களில் அனுமதியும் இல்லை, பலகை மாட்டியிருப்பார்கள். பலகை இல்லாவிட்டாலும் குருக்களிடம் முன்கூட்டியே கேளுங்க. எனக்குப் பிடித்த படம் அதற்குப் பிறகுதான் வரும். குருக்கள் தட்டைக் கொண்டு வரும்போது பக்தர்கள் சுடரின் மேல் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒரு கணம் குனிந்து நிற்பார்கள். சுடருக்குப் பாதி தூரம் கிட்டே வந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நாலு மடங்கு. அதனால் அந்த இருட்டு மண்டபத்திலும் அந்த ஒரு முகத்தில் வெளிச்சம் இருக்கும். சுடர் வெளுத்துப் போகாமல் கொஞ்சம் இருட்டாகவே எடுங்க.

பத்துமலையிலும் இதே கணக்குதான். 272 படி ஏறி மேல்குகைக்குள் நுழைந்தால் வெளியே இருந்த வெயிலுக்கும் உள்ளே இருக்கும் மங்கலுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் குகைக் கூரை திறந்திருக்கும் இடத்தில் பகல் வெளிச்சம் இறங்குகிறது. காவடிகளைத் துரத்திக்கொண்டு ஓடாமல், அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நில்லுங்க, காவடி தானாக வரும். அருள் வந்து ஆடுபவர் முகத்தில் பிளாஷ் அடிப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சின்ன யோசனை. வெளிச்சம் போதவில்லை என்றால் கேளுங்களேன்! "ஐயா, அந்தப் பக்கத்து லைட்டையும் போட்டு விடுங்க, பின்னால மின்னுற கலர் லைட்டை மட்டும் ஆட்டம் முடியிற வரைக்கும் அணைச்சு வைங்க" என்று எங்கள் ஆலயத் தலைவரிடம் கேட்டேன். "இத முன்னாடியே கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். நான் அதுவரை லென்ஸ், ஐஎஸ்ஓ என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வருட நவராத்திரிக்கு அந்தப் பிள்ளை வந்தது. ஆடுமா ஆடாதா என்று டீச்சருக்கும் தெரியாது. நான் பாட்டிகளுக்கு மறைக்காமல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் பிள்ளை ஒரு தடவை என் பக்கம் பார்த்தது. நான் கேமராவை இறக்கி மடியில் வைத்தேன். முதல் ஜதி முழுக்க எடுக்கவே இல்லை. இரண்டாவதில் ததிங்கிணதொம் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்தேன். பிள்ளை கண்ணைச் சிமிட்டவில்லை.

அன்று இரவு இருநூறுக்கு மேல் எடுத்ததில் பதினொன்று தேறியது. அதில் அந்தப் படமும் ஒன்று. முகம் தெளிவு, பின்னால் இரண்டு குத்துவிளக்கும் எரிகின்றன. 4ஆரில் கழுவி ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை ரொம்ப நேரம் பார்த்தது.

"அண்ணே, என் சலங்கை எங்க?"

பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வெட்டியிருந்தேன். புதுச் சலங்கையாம், அம்மா அதற்காகவே வாங்கித் தந்ததாம். 3 மீட்டரில் உட்கார்ந்து அந்த லென்ஸில் எடுத்தால் கையைத் தூக்கிய பிள்ளை முழுதாக அடங்காது. 4 மீட்டருக்குப் பின்வாங்கியிருக்க வேண்டும். ஆடுபவரின் பாதத்தை வெட்டாதீங்க என்பதையும் இந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்க. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒன்பது வயது ஆசிரியை.

பயிற்சி: வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆலய மண்டபத்துக்குப் பூஜைக்கு அரை மணி நேரம் முன்பே போங்க. ஒரு நண்பரை நடக்கச் சொல்லி 1/30, 1/60, 1/125, 1/250 என்று நாலு படம் எடுங்க. எதில் கை நிற்கிறது, எதில் கோடு விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்க. ஒவ்வொரு மண்டபமும் வேறு, உங்கள் மண்டபத்துக்கு உங்கள் தாள்தான் பாடநூல். பிறகு உங்கள் ஊர் நடன வகுப்பில் அனுமதி கேட்டு ஒரு ஒத்திகையில் கேமரா இல்லாமல் உட்காருங்க. படங்களையும் தாளையும் அடுத்த வட்டாரக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். கலங்கின படங்களையும் அழிக்காமல் கொண்டு வாங்க.